குமிழிக்கு ஒரு பூண்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இராமநாதபுரத்து இலட்சுமிபுரத்தில் தாயுமானவரின் சமாதி உள்ளது. திருச்சிராப்பள்ளியில் நாயக்க மன்னரிடம் பணிபுரிந்து, பின்னர் அனைத்தையும் துறந்து வந்து இம்மண்ணில் அடங்கிய 18ஆம் நூற்றாண்டுக் கவிஞர் அவர். எந்நாட்கண்ணியில் உடம்பின் நிலையாமையைக் கூறவந்த அவர் ஓர் அரிய கற்பனையைக் கையாள்கிறார். நீர்க்குமிழிக்குப் பூண் கட்டி நிறுத்திவிட முடிந்தாலும், இந்த உடம்பை நிறுத்த முடியாது என்பது அதன் கருத்து. பூண் என்னும் சொல்லுக்கு அணிகலன் என்ற பொருளும் உண்டு. ஆயினும் உலக்கைக்கும் கைத்தடிக்கும் இடும் பூணைப் போன்றதொரு கட்டு எனக் கொள்ளும்போதுதான் உவமை கூர்மை பெறுகிறது. மரம் பிளவாமல் காப்பது பூண். பிளப்பதற்கு மரம்கூட இல்லாத, வெறும் நீராலான ஒன்றுக்குப் பூண் இடுவது எங்ஙனம்? இயலாமையின் எல்லையாகவே அவர் அதனைக் குறித்தார்.

தாயுமானவர் தனித்து நின்று பேசவில்லை. அவருக்குப் பின்னே நீண்டதொரு மரபு உண்டு. நாலடியாரின் யாக்கை நிலையாமை அதிகாரம் உடம்பைப் பெருமழையில் தோன்றும் குமிழிக்கு ஒப்பிடுகிறது. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் தம் நீதிநெறி விளக்கத்தின் தொடக்கப் பாடலிலேயே இளமையைக் குமிழியாகக் காட்டுகிறார். திரைக்கலையும் இவ்வழியே சென்றது. 1965இல் கே. பாலசந்தர் இயக்கிய முதல் படத்தின் பெயரே நீர்க்குமிழி என்பதுதான். மருத்துவமனைக் கட்டிலில் கழியும் வாழ்வே அதன் கதை. தமிழில் குமிழி என்றாலே உடைவது என்று பொருள் கொள்ளும் அளவுக்கு இவ்வுவமை ஊறிவிட்டது.

குமிழி உடையும் என்பதில் ஐயமில்லை. அது உடையும்வரை எதனால் நின்றது என்னும் வினாவே இவ்வுரையின் பொருள். இவ்வினாவை எழுப்பியவர்கள் மூவகையினர்: சிற்றூர்ப் பிள்ளைகள், அறிவியலார், கடற்கரையிலும் திடல்களிலும் ஆளுயரக் குமிழிகளை உருவாக்கி மகிழ்வோர். இம்மூவரும் கண்டறிந்ததைக் கவிஞர்கள் கேட்டறிவது தகும்.

மொக்குளும் நுரையும்

முதலில் சொற்களை நோக்குவோம். குமிழி, மொக்குள், புற்புதம், நுரை என்பன இத்துறையில் வழங்கும் சொற்கள். புற்புதம் வடசொல். நுரை என்பது குமிழிகளின் கூட்டம். மொக்குள் என்னும் சொல்லே இவற்றுள் பெரிதும் சிந்திக்கத்தக்கது. நீர்க்குமிழியை உணர்த்தும் அச்சொல் மலரும் பருவத்து அரும்பையும் உணர்த்தும். மொக்கு என இன்றும் வழங்குவது அதன் உறவே. விரியப் போவதற்கும் உடையப் போவதற்கும் ஒரே பெயரை இட்ட மொழி தமிழ். பிற்கால அறநூல்கள் இவ்விரண்டனுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டன.

சங்கப் புலவர் அவ்வாறு ஒதுக்கவில்லை. குறுந்தொகை 290ஆம் பாடலின் ஆசிரியர் பெயர் தெரியாமற்போக, அவர் படைத்த உவமையே அவருக்குப் பெயராயிற்று. கல்பொரு சிறுநுரையார் என்று அவர் அழைக்கப்பெறுகிறார். நெய்தல் திணைப் பாடல் அது. பொறுத்திரு என்று வற்புறுத்தும் தோழியிடம், பாறையில் மோதும் சிறு நுரையைப் போலத் தான் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமற் போவதாகத் தலைவி கூறுகிறாள். அறநூலாரின் குமிழி சட்டென்று உடைகிறது; இவளுடைய நுரையோ தேய்கிறது. ஒவ்வொரு மோதலிலும் சில குமிழிகள் போக, எஞ்சியவை நிற்க, பின் அவையும் குறைகின்றன. இயற்கையில் நிகழ்வதும் இதுவே. நுரையினின்று நீர் வடிகிறது. வடிய வடியச் சுவர்கள் மெலிகின்றன. மெலிந்தவை ஒவ்வொன்றாக அறுகின்றன. கரையில் நின்று நெடுநேரம் பார்த்த கண்ணுக்கே இவ்வுவமை கிட்டும்.

நாலடியாரையும் மறுமுறை நோக்கினால் ஒன்று புலனாகும். மழைக்குமிழி ஒருமுறை தோன்றி அழிவதாக அது கூறவில்லை. பலமுறை தோன்றித் தோன்றி அழிவதாகவே கூறுகிறது. தோற்றமும் அந்த உவமையின் ஒரு பாதி. மேற்கோள் காட்டுவோர் அப்பாதியை விட்டுவிடுவது வழக்கமாயிற்று.

ஈர்க்கு வளையம்

பூண் இல்லாமல் குமிழி பிறப்பதில்லை என்பதைத் தமிழகத்துச் சிற்றூர்ப் பிள்ளைகள் நெடுநாளாக அறிவர். வேலியில் நிற்கும் காட்டாமணக்கின் இலைக்காம்பை ஒடித்தால் பால் கசியும். தென்னை ஈர்க்கையோ புல்லின் தாளையோ வளைத்துச் சிறு வளையமாக்கி அப்பாலில் தொட்டால், வளையத்தின் குறுக்கே கண்ணாடி போன்ற படலம் விரியும். மெல்ல ஊதினால் வண்ணக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறக்கும். கடையில் வாங்கும் சோப்புக் குமிழிக் குப்பிகள் ஊர்களை எட்டாத காலத்தில் இதுவே விளையாட்டு. பால் பட்ட சட்டையில் கறை நீங்காது; அதன் விதையோ நஞ்சு. ஆதலால் வீட்டில் ஏச்சும் உண்டு. ஆயினும் அந்த ஈர்க்கு வளையம் ஒரு பூண்தான். விளிம்பு ஒன்று பிடித்துக்கொடுத்தாலன்றி நீர் படலமாக நிற்பதில்லை.

ஆளுயரக் குமிழிக்கும் இதே முறைதான்; வளையம் மட்டுமே மாறுகிறது. கையளவு நீண்ட இரு குச்சிகள் வேண்டும். அவற்றின் நுனிகளை இரு நூல்கள் இணைக்கும். மேல் நூல் குட்டையானது. கீழ் நூல் அதைப்போல் இருமடங்கு நீண்டு தொங்கும். தொங்கும் நூலின் நடுவே சிறிய இரும்பு வளையம் ஒன்று எடைக்காகக் கட்டப்படும். குச்சிகளைச் சேர்த்துப் பிடித்து நூலைக் கரைசலில் நனைத்து, உயர்த்தி, மெல்ல விரித்தால் முக்கோணப் படலம் தோன்றும். காற்றுக்கு முதுகு காட்டி நின்றாலே போதும். காற்று தானே உள்ளே புகுந்து ஊதிவிடும். காற்றில்லையெனில் பின்னோக்கி நடக்க வேண்டும். குச்சிகளை மீண்டும் சேர்த்தால் குமிழியின் வாய் மூடிக்கொள்ளும். குமிழி விடுபட்டுப் போகும்.

நூல் பருத்தியாக இருத்தல் வேண்டும் என்பது முக்கியம். இராமேசுவரம், பாம்பன், மண்டபம் கரையெங்கும் நைலான் கயிறு மலிந்து கிடக்கிறது. அது இதற்கு உதவாது. நைலான் நீரை ஏற்பதில்லை. பருத்தியோ உறிஞ்சி வைத்துக்கொண்டு, படலம் விரியும்போதெல்லாம் கொடுத்துக்கொண்டே இருக்கும். நைலான் வருமுன் இக்கரையின் வலைகளும் பருத்தி நூலால் ஆனவையே.

கரைசலின் இயல்பு

வீட்டிலேயே செய்யக்கூடிய கரைசல் இது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர். 50 மில்லிலிட்டர் பாத்திரம் துலக்கும் திரவச் சோப்பு. 2 முதல் 3 கிராம் கொத்தவரை விதைப் பிசின்மாவு. 2 கிராம் பேக்கிங் பவுடர். பிசின்மாவை நேரே நீரில் போட்டால் கட்டி தட்டும். ஆகவே முதலில் 50 மில்லிலிட்டர் கிளிசரினிலோ, மருந்துக்கடையில் கிடைக்கும் தேய்ப்புச் சாராயத்திலோ குழைத்துக்கொள்ள வேண்டும். சாராயமெனில் அடுப்பருகே ஆகாது. பின்பு நீரில் ஊற்றிப் பத்து நிமிடம் மெல்லக் கலக்கி, ஊறவிட்டு, நீர்த்த கஞ்சிப் பதம் வந்ததும் மற்றவற்றைச் சேர்த்து நுரையெழாமல் கலக்க வேண்டும். கொத்தவரை இந்நாட்டுப் பயிர். உலகின் விதைப்பிசினில் பெரும்பகுதி இராஜஸ்தான் முதலிய வறண்ட நிலங்களிலிருந்தே செல்கிறது. நீர் குறைந்த நிலத்தில் விளைந்தது, நீரைப் பிடித்துவைக்கும் பொருளாகிறது.

இக்கலவையில் சோப்பின் தொழில் என்ன? சோப்பு நீருக்கு வலிமை தருகிறது எனப் பலரும் கருதுவர். உண்மை வேறு. தூய நீரின் பரப்பு இழுவிசை மிகுதி. தன்னைத்தானே இறுக்கிக்கொண்டு துளியாகச் சுருங்குவதே அதன் இயல்பு. சோப்பு அவ்விறுக்கத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கிறது. அதனினும் பெரிய உதவி ஒன்றையும் அது செய்கிறது. படலத்தில் ஓரிடம் மெலிந்தால் அவ்விடத்தில் சோப்பு அருகுகிறது. அருகவே அங்கு மட்டும் இழுவிசை ஏறுகிறது. ஏறிய இழுவிசை சுற்றிலும் உள்ள நீரைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. மெலிந்த இடத்துக்கு அண்டையிடம் நீர் அனுப்புகிறது. 1865இல் இத்தகைய பெயர்ச்சியை ஆராய்ந்த இத்தாலிய அறிஞர் மாரங்கோனியின் பெயரால் இது வழங்குகிறது. குமிழி நிற்பது விறைப்பினால் அன்று, தளர்வினாலும் பகிர்வினாலுமே.

அளவைப் பற்றியும் ஒரு சொல். குமிழி பெரிதாகப் பெரிதாக அதன் உள்ளழுத்தம் குறையும். அரை மீட்டர் ஆரமுள்ள குமிழியில் உள்ளே மிகுந்திருக்கும் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ ஐந்து இலட்சத்தில் ஒரு பங்கே. இரண்டு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழியில் இது 250 மடங்கு மிகுதி. சிறுகுமிழியையும் பெருங்குமிழியையும் ஒரு குழாயால் இணைத்தால், சிறியது தன் காற்றைப் பெரியதற்குள் தள்ளிவிட்டு ஒடுங்கிவிடும்.

2015 ஜூன் மாதம் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கேரி பேர்ல்மன் என்பவர் உருவாக்கிய குமிழி 96.27 கன மீட்டர் கொள்ளளவுடையதாகக் கின்னஸ் பதிவு பெற்றது. பன்னிரண்டாயிரம் லிட்டர் கொள்ளும் எட்டுத் தண்ணீர் லாரிகளின் கொள்ளளவு அது. அது முழுக்கோளமாக இருந்திருப்பின் அதன் பரப்பு ஏறத்தாழ 100 சதுர மீட்டர். படலத்தின் கனத்தை ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு எனக் கொண்டு கணக்கிட்டால், அவ்வளவு பெரிய குமிழியில் இருந்த நீர் 100 மில்லிலிட்டர். எட்டு லாரி இடத்தை அரைக் குவளை நீர் வளைத்துக்கொண்டு நின்றது.

இக்கரையின் நீர்

மேற்கூறிய கலவையில் முதற்பொருள் நல்ல தண்ணீர். இராமநாதபுரம் மாவட்டத்தில் அதனை அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. குடிநீருக்காகக் குடங்களோடு காத்திருப்பதும், தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு நெடுந்தொலைவு நடப்பதும் இம்மாவட்டத்துப் பெண்களின் வாழ்வில் பல தலைமுறைப் பழக்கம். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் நரிப்பையூரில் அமைந்ததும், காவிரி நீரைக் குழாய்வழிக் கொணரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததும் இத்தேவையினாலேயே.

கடல்நீரில் சோப்புக் குமிழி எழாது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. அவற்றுள் மக்னீசியம் 1.3 கிராம் அளவும், கால்சியம் 0.4 கிராம் அளவும் இருக்கும். இவ்விரண்டும் சவர்க்காரத்தோடு சேர்ந்தால் அது பால் திரிவதுபோலத் திரிந்து கசடாகிவிடும். கரையோரக் கிணறுகள் பலவற்றின் உவர்நீரிலும் இதே நிலைதான். துணி வெளுக்காமையும், தலைமுடி பிசுபிசுப்பதும் இதனால் விளைவனவே. ஆகவே, இக்கரையில் ஒரு குமிழி எழுந்தால் அது இங்குக் கிடைத்தற்கரிய பொருளால் ஆனது என்று அறியலாம்.

அலையடிக்கும் இடத்தில் நுரை காணப்படுகிறதே என ஒருவர் கேட்கலாம். அலை நுரைக்குச் சோப்பு காரணமன்று. கடற்பாசியும் நுண்ணுயிர்களும் சிதைந்து கலக்கும் உயிர்ப்பொருள்களே அங்குச் சோப்பின் தொழிலைச் செய்கின்றன. கல்பொரு சிறுநுரையார் கண்ட நுரையையும் தூய நீர் தனித்து ஆக்கியிருக்க இயலாது.

காற்றும் இவ்விளையாட்டில் பங்கு கொள்கிறது. இராமேசுவரத்துத் தீவுக்கு வடக்கே பாக் நீரிணைப் பக்கம் உள்ள கடலைப் பெண்கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கத்ததை ஆண்கடல் என்றும் மீனவர் வழங்குவர். தென்மேற்குக் காற்று ஓங்கும் மாதங்களில் தென்கரை கொந்தளிக்க, வடகரை ஓரளவு அமைதி கொள்ளும். வாடை வீசும் மாதங்களில் நிலை மாறும். குமிழி செய்ய விரும்புவோர் இவ்வறிவைப் பெறாமல் கரையைத் தேர முடியாது. முகத்தில் பட்டும் படாமலும் வருடும் காற்றே ஏற்றது. வெயில் ஏறி, கடற்காற்று எழுவதற்கு முன்னுள்ள விடியற்பொழுது சிறந்தது. அப்போது காற்றில் ஈரம் மிகுதி, ஆதலால் படலம் விரைவில் உலராது. ஈரமணலில் இறங்கிய குமிழி சற்றுநேரம் கவிந்து அமர்ந்திருக்கும். காய்ந்த மணலில் பட்டால் உடனே அறும். குமிழியைக் கொல்வது மோதல் அன்று, வறட்சியே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நனைந்த கை அதனுள் புகுந்து மீளலாம். உலர்ந்த விரல்நுனி பட்டாலோ அது உடைந்துவிடும்.

எஞ்சிய கரைசலைக் கடலில் கொட்டலாகாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்ற மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகளும் கடற்புல் வெளிகளும் உள்ளன. விளையாட்டின் மிச்சம் அவற்றுக்குச் சுமையாகக்கூடாது.

பூண் இட முயன்றோர்

குமிழியை ஆராய்ந்தோரின் வரலாறு கவிஞர்க்கு உரிய வரலாறாகவே தோன்றுகிறது. பெல்ஜிய நாட்டு அறிஞர் ஜோசஃப் பிளாத்தோ (கிரேக்கத் தத்துவ ஞானி பிளேட்டோ வேறு, இவர் வேறு) 1840களில் பார்வையை முற்றும் இழந்தவர். சோப்புப் படலங்கள் எவ்வாறு கூடுகின்றன, எக்கோணத்தில் சந்திக்கின்றன என்பதை அவர் அதன் பின்னரே ஆராய்ந்தார். உதவியாளர்கள் பார்த்துச் சொல்ல, அவர் எண்ணிச் சொன்னார். மூன்று படலங்கள் கூடுமிடத்தில் எப்போதும் 120 பாகைக் கோணமே அமையும் என்ற விதி அவருடைய பெயரால் வழங்குகிறது. அவருடைய பெருநூல் 1873இல் வெளிவந்தது. உலகுக்குக் குமிழியின் இலக்கணம் வகுத்தவர் தாம் ஆராய்ந்த படலங்களின் வண்ணத்தைக் கண்டதில்லை.

மற்றொருவர் ஆக்னெஸ் போக்கெல்ஸ். 1862இல் பிறந்து செருமனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்த இவருக்குப் பல்கலைக்கழகக் கதவு பெண் என்பதால் திறக்கவில்லை. நோயுற்ற பெற்றோரைப் பேணிக்கொண்டு வீட்டிலேயே இருந்தார். அடுப்பங்கரையில் பாத்திரம் கழுவும் நீரில் எண்ணெயும் சோப்பும் பரவும் விதத்தை நோக்கி, தகரத் தொட்டி ஒன்றைத் தாமே அமைத்து, நீரின் பரப்பில் மிதக்கும் படலத்தை அளந்தார். பத்தாண்டுக்கு அண்மித்த உழைப்பின் முடிவுகளை 1891 சனவரியில் இங்கிலாந்தின் ரேலி பிரபுவுக்கு எழுதினார். அவர் அக்கடிதத்தை நேச்சர் இதழுக்கு அனுப்ப, அவ்வாண்டு மார்ச்சில் அது அச்சேறியது. பரப்பியல் ஆய்வின் அடித்தளங்களுள் ஒன்று அக்கடிதம். நாள்தோறும் பாத்திரம் கழுவும் கோடிக்கணக்கான கைகளின்முன் இந்நுரை எழுகிறது. அதனை அளக்கத்தக்கதாகக் கண்டது இவருடைய கண்.

2020இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் பர்ட்டன் குழுவினர் பெருங்குமிழிகள் எவ்வாறு அறுபடாமல் விரிகின்றன என்பதை ஆராய்ந்து வெளியிட்டனர். பிசின் போன்ற நீண்ட இழை மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிப் படலத்தைத் தாங்குகின்றன என்பது முன்னரே அறிந்தது. அவர்கள் கண்டது, ஒரே நீளமுள்ள இழைகளைவிட நீண்டவையும் குறுகியவையும் கலந்திருக்கும்போதே படலம் மேலும் உறுதி பெறுகிறது என்பதாகும். நாட்பட்டுப் போன பழைய பொருளில் இழைகள் சிதைந்து பல நீளங்களாகியிருந்தன. அதனால் செய்த குமிழிகள் சிறப்பாக அமைந்ததே இவ்வுண்மைக்கு வழிகாட்டியது.

இனி, தாயுமானவர் இயலாது எனக் குறித்த செயலுக்கு வருவோம். 2022 சனவரியில் பிரான்சின் லீல் நகர ஆய்வாளர்கள் குமிழிக்கு மெய்யாகவே பூண் இட்டதை அறிவித்தனர். சில மில்லிமீட்டரே உள்ள சிறு குமிழியின் மேல் நுண்ணிய நெகிழித் துகள்களைக் கவசமாகப் பொதிந்தனர். நீர் கீழே வடிந்துவிடாமல் அத்துகள்கள் தாங்கின. நீர் ஆவியாகிப் போவதைத் தடுக்க, காற்றின் ஈரத்தை ஈர்க்கும் கிளிசரினைக் கலந்தனர். சாதாரணச் சோப்புக் குமிழி நிமிடக் கணக்கில் மறைய, இக்குமிழிகளுள் ஒன்று 465 நாள் நின்றது. ஓராண்டுக்கு மேலும் நூறு நாள்.

466ஆம் நாள் அது இல்லை. குமிழிக்குப் பூண் கட்டுதல் கூடும். ஆயினும் முடிவு முடிவே என்னும் தாயுமானவர் வாக்கு பொய்க்கவில்லை. எனினும், அந்த 465 நாளும் பொய்யல்ல. வடிதலையும் உலர்தலையும் அறிந்து ஒவ்வொன்றாகத் தடுத்ததன் பயன் அது. முடிவு ஒன்றே எனினும், நின்ற காலம் ஒன்றன்று. அறநூல் பேசாது விட்ட இவ்வேறுபாட்டில் கவிதைக்கு நிரம்ப இடம் உண்டு.

உடைதல் என்னும் நிகழ்ச்சி

உடைதலையும் சற்று நெருங்கி நோக்கலாம். குமிழியின் வண்ணங்கள் அதன் மெலிவின் அளவுகோல். நீர் மேலிருந்து கீழே வடிவதால் உச்சி முதலில் மெலிகிறது. மெலிய மெலிய வண்ணங்கள் மாறி, வெள்ளி நிறம் பெற்று, இறுதியில் உச்சியில் கருந்திட்டு ஒன்று தோன்றும். அவ்விடத்தில் ஒளி எதிர்வருவது அற்றுப்போகிறது. கனம் மில்லிமீட்டரில் இலட்சத்தில் சில கூறுகளே. 1704இல் வெளியான ஒளியியல் நூலில் நியூட்டன் இக்கருந்திட்டைக் குறித்துள்ளார். குமிழியைப் பாடிய கவிதைகளில் வானவில்லைக் காண்பது எளிது. இக்கருந்திட்டைக் காண்பது அரிது.

அறுபட்ட பின்னும் குமிழி கணத்தில் மறைவதில்லை. ஒரு புள்ளியில் துளை விழ, அத்துளையின் விளிம்பு ஒரு மைக்ரான் கனமுள்ள படலத்தில் நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர் வேகத்தில் பின்வாங்கி ஓடும். ஒரு மீட்டர் விட்டமுள்ள குமிழி முற்றும் மறைய ஏறத்தாழ நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். மேற்கூறிய கிளீவ்லாந்துக் குமிழி போன்றதற்கோ ஒரு நொடிக்கு மேலும் ஆகும். ஒருபுறம் இல்லாமலாகி விட்டது. மறுபுறம் இன்னும் அறியாமல் மிதந்துகொண்டிருக்கிறது. 1964 திசம்பர் 22ஆம் நாள் இரவில் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுசென்றதை நினைவில் வைத்திருக்கும் இக்கரைக்கு, அழிவு ஓர் ஓரத்தில் தொடங்கி மறு ஓரத்தை எட்டும் அவ்விடைவெளி புதிதன்று. நிலையாமை என்பது இங்கே ஏட்டுச்சொல் இல்லை. ஆகவேதான் அதனைப் பாடுவோர் பழகிய உவமையை எடுத்தாள்வதோடு அமையாமல், பார்த்து எழுதுதல் வேண்டும்.

மணல் ஊற்று

அதே தனுஷ்கோடி மணலில் மீனவக் குடும்பங்கள் இருபுறமும் கடல் சூழ்ந்திருக்க நன்னீர் எடுக்கின்றன. கையளவு, முழ அளவு மணலைத் தோண்டினால் ஊற்றுக் கண் திறக்கும். சிரட்டையால் சிறிது சிறிதாக அள்ளிக் குடத்தில் சேர்ப்பார்கள். மணலில் இறங்கிய மழைநீர், உப்புநீரைவிட இலேசானது என்பதால், அதன்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் தங்கும் என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சு நாட்டவரும் செருமானியரும் தனித்தனியே கண்ட கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி உப்பு ஏறும் என்பதும் அக்கணக்கே. இயந்திரம் வைத்து ஆழத்திலிருந்து இழுத்தால் உப்புநீர் மேலெழுந்து ஊற்று கெடும். சிரட்டையால் அள்ளுவோர் இக்கணக்கைப் படித்ததில்லை. ஆயினும் எவ்வளவு ஆழம் தோண்டலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். இராமேசுவரம் கோயிலுக்குள் கடலை அடுத்து 22 தீர்த்தங்கள் இருப்பதும், மழைநீரைத் தாங்கிவைக்கும் இத்தீவு மணலின் இயல்பால்தான்.

உப்பின்மேல் நிற்கும் இந்நன்னீரும் மெல்லியதொரு படலமே. அதற்கு இடப்பட்ட பூண், அள்ளுபவரின் அளவறிவு. அது தவறிய இடங்களில், கரையோரத்துக் கிணறுகள் உவராகிப் போயின. நன்னீர் நிரம்பிய காலத்தை முதியோர் சொல்லக் கேட்பதன்றி வேறில்லை.

பெருங்குமிழி செய்வோரின் கலையும் இதுவே. மிகுதியாகச் சோப்பு இட்டால் குமிழி சிறக்கும் என்பது தொடக்கநிலையினர் எண்ணம். ஒரு பங்கு சோப்புக்கு இருபது பங்கு நீர் என்பதைக் காலப்போக்கில் கற்கின்றனர். விரைந்து இழுத்தால் படலம் அறும். தயங்கி நின்றால் வடிந்து அறும். காற்று, ஈரம், நூல், கை ஆகிய நான்கும் இசையும் ஒரு வேகம் உண்டு. அதனைச் சொல்லிக்கொடுக்க முடிவதில்லை. நின்று பழகவே வேண்டும். அரைக் குவளை நீரில் எட்டு லாரி இடத்தை வளைக்கும் சிக்கனம் ஈரடியில் உலகை அடக்கும் மரபுக்குப் புதிதன்று.

பத்தாண்டு நிறைந்த இவ்வட்டத்தில் மரபில் தோய்ந்தோரும் நேற்று எழுதத் தொடங்கியோரும் கலந்திருக்கின்றனர். நீண்ட இழையும் குறுகிய இழையும் சேர்ந்ததே உறுதியான படலம் என்று ஆய்வாளர் கண்டது இத்தகைய கூட்டுக்கும் பொருந்தும். நிலைத்து நிற்கும் என்று எந்த வட்டத்துக்கும் எவரும் உறுதி கூற இயலாது. மெலிந்த இடத்துக்கு அண்டையிலிருந்து நீர் வருகிறதா என்று பார்த்துக்கொள்ள இயலும்.

கவிஞர்களிடம் வைக்கத்தக்க வேண்டுகோள் ஒன்று உண்டு. குமிழியை உவமையாக்கும் முன் ஒருமுறை அதனைச் செய்து பாருங்கள். பாம்பனுக்கு இப்பால் ஆயினும் அப்பால் ஆயினும், காற்று அடங்கிய ஒரு விடியலில், பருத்தி நூலும் இரு குச்சியும் ஒரு குடம் நல்ல தண்ணீரும் கொண்டு கரைக்குச் செல்லுங்கள். அந்த ஒரு குடம் எங்கிருந்து வந்தது, எவர் தலையில் வந்தது என்பதையும் கேட்டறியுங்கள். அதன் பின் எழுதும் வரியில் குமிழி உடையலாம்; உடையும்வரை எதனால் நின்றது என்பதும் அவ்வரியில் இருக்கும்.